ஒரே நாளில் மூன்று ஊர்

உலகத் தரத்தில் பெரிய வங்கிகள் நமக்கு வேண்டும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசினாலும் பேசினார், பொதுத்துறை வங்கிகளின் அடுத்த சுற்று இணைப்பு பற்றிய பேச்சு அடங்கவே இல்லை. அடிபடும் பெயர்களில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் (ஐஓபி) ஒன்று. 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இன்று 12. இது போதாதாம்.

ஐஓபியைத் தொட நினைப்பவர்கள் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் கதையை முதலில் படிக்கட்டும். 1937 பிப்ரவரி 10 அன்று அவர் வங்கியைத் தொடங்கியபோது வயது 28. காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. வங்கிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பணம் சேர்ந்த ஊர், நிர்வாகம் இருந்த ஊர், தொழில் நடந்த ஊர் மூன்றையும் முதல் நாளே ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார் அவர். அந்நியச் செலாவணி அன்று வெள்ளைக்காரர் வங்கிகளின் பிடியில் இருந்தது. பர்மாவில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக வந்த நிலங்களில், அங்கே வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் முதல் முடங்கிக் கிடந்தது. கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்த நேரம் அது. வங்கி தொடங்கி இரண்டே மாதத்தில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942-ல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. வங்கி அத்தனையையும் தாங்கியது. சிதம்பரம் 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு 45 வயதுதான். 1969-ல் வங்கி நாட்டுடைமையானது.

2015 முதல் 2021 வரை ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைக் கட்டுப்பாட்டில் கிடந்த வங்கிதானே என்பார்கள். கிடந்தது, மீண்டது. அந்த வாதம் அதோடு தீர்ந்தது. பெரிதானால் பாதுகாப்பு என்பார்கள். பிலடெல்பியாவில் நிக்கோலஸ் பிடில் நடத்திய வங்கியைவிடப் பெரியது அன்றைய அமெரிக்காவில் கிடையாது. 1836-ல் அதன் தேசிய உரிமம் முடிந்தது. 1841-ல் வங்கியே மூழ்கியது.

இணைப்பு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐஓபியின் ஆதரவில் விருதுநகரிலிருந்து இயங்கிய பாண்டியன் கிராம வங்கி 2019-ல் பல்லவன் கிராம வங்கியோடு சேர்க்கப்பட்டது. தலைமையகம் சேலத்துக்குப் போய்விட்டது. தென்காசிக்காரன் சேலத்துக்குப் போய் யாரைப் பார்ப்பான்?

ஆடிச் சாரலில் எங்கள் தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தின் சூரியகாந்தி வயல்களைப் படம் பிடிக்கக் கார் காராக வருகிறார்கள். அந்தப் பூவுக்கான விதை, வைகாசியில் அடகுக்குப் போன நகையில் வாங்கியது. இணைப்புக்கு உள்ளான ஒரு வங்கியின் கிளையில் நானே பார்த்தேன். மதிப்பீட்டாளர் இரண்டு வளையல்களையும் உரைகல்லில் உரசி, எடை போட்டு, சீட்டில் எழுதிவிட்டார். கவுன்ட்டரில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கணக்கு நம்பர் மாறிருக்கு அண்ணாச்சி, பழைய நம்பரை எடுக்க மாட்டேங்குது, திங்கக்கிழமை வாங்க" என்றார். அன்று வியாழன். வளையலைத் துண்டில் முடிந்துகொண்டு அந்த மனிதர் நேரே தனியார் அடகுக் கடைக்குப் போனார்.

ஐஓபியையும் கரைத்துவிட்டால் இந்தப் பக்கத்துச் சிறு விவசாயி முழுக்கக் கந்துவட்டிக்காரன் கைக்குத்தான் போவான். தமிழகத்தின் 39 மக்களவை எம்.பி.க்களும் கட்சி பாராமல் ஒன்றாக எழுந்து, அந்தப் பெயர் எந்த இணைப்புப் பட்டியலிலும் இருக்காது என்ற உறுதிமொழியை நாடாளுமன்றத்தில் நிதியமைச்சரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.