படுத்துவிட்ட அம்மாவை எங்கே விடுவது?

பசுமலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சில நாட்களில் அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கஷ்டம் ஆரம்பம்!

பணம் கட்டிப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கிறார்கள் சிலர். கட்டிலையும் மின்விசிறியையும் பார்ப்பார்கள். ராத்திரியில் எத்தனை நர்சுகள் என்று கேட்கமாட்டார்கள். கேட்கவேண்டியது அதுதான். அசைய முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வரும்.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்காக 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. கை கால் பயிற்சி கொடுப்பவர் வீட்டுக்கே வர அதில் ஏற்பாடு உண்டு. கட்டணம் கிடையாது. பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். ஆனால் அவர் தினமும் வரமாட்டார். மற்ற நாட்களில்? பெரும்பாலும் மருமகள்தான்!

பெற்றோரை அடியோடு கைவிடுகிறவருக்கு 2007-ம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதம் வரை ஜெயில் உண்டு. பார்த்துக்கொள்கிறவருக்கு ஒருநாள் ஓய்வு தர அந்தச் சட்டத்தில் வழி இல்லை.