பந்து வீசுகிற பிள்ளைக்கு நமது ஊரில் இடம் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. சுற்றுப்போட்டிக்குக் காசு சேர்க்கிற தம்பிமாரும், கேட்டவுடன் காசு கொடுக்கிற வியாபாரிகளும், வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற சகோதரர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டும். உங்களைத்தான் கேட்கிறோம்.

2024 செப்டெம்பரில் இலண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த டெஸ்ட் போட்டி பலருக்கு ஞாபகம் இருக்கும். தொடரில் ஏற்கனவே 2–0 என்று தோற்றாயிற்று. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 325. இலங்கை 263. 62 ஓட்டங்கள் பின்னால். "இதுவும் போச்சு" என்று தொலைக்காட்சியை அணைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 156 ஓட்டங்களுக்குச் சுருண்டது. லஹிரு குமார 21 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். விஷ்வ பெர்னாண்டோ 40 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். இலக்கு வெறும் 219. பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 அடித்தார், 8 விக்கெட்டுகளால் வெற்றி. இங்கிலாந்து மண்ணில் 2014க்குப் பிறகு கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி.

அன்று நமது வட்ஸ்அப் குழுமங்களில் ஓடியதெல்லாம் நிஸ்ஸங்கவின் படம். அவர் அதற்குத் தகுதியானவர்தான், ஆட்ட நாயகனும் அவரே. ஆனால் எதிரணி 350 அடித்திருந்தால் அந்த 127க்கு என்ன பெறுமதி இருந்திருக்கும்? விழுந்து கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தியது பந்துவீச்சு. டெஸ்டில் வெல்ல 20 விக்கெட் எடுக்க வேண்டும். அதைத் துடுப்பால் எடுக்க முடியாது.

2015 ஓகஸ்ட் காலியும் இதே கதைதான். இந்தியாவை விட 192 ஓட்டங்கள் பின்னால் நின்றோம். சந்திமால் ஆட்டமிழக்காமல் 162 அடித்து மானத்தைக் காப்பாற்றினார். அப்போதும் இந்தியாவுக்குத் தேவை 176 மட்டுமே. ரங்கன ஹேரத் 48 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் சாய்த்தார். இந்தியா 112. இலங்கைக்கு 63 ஓட்டங்களால் வெற்றி.

இப்படிப்பட்ட பந்துவீச்சாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? இதுதான் நமது கேள்வி.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவர். பேரன் கட்டுகஸ்தோட்டை சென் அந்தனீஸ் கல்லூரியில் மிதவேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தார். 14 வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ "சுழற்பந்து போட்டுப் பார்" என்றார். அந்த ஒரு சொல்லின் விலை 800 டெஸ்ட் விக்கெட். அதே ஓவலில் 1998இல் 16 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை மடக்கியவரும் அவர்தான். பிறகு லங்காஷயர், கென்ட் கவுண்டி அணிகள் அவரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துப் பந்து வீசவைத்தன.

நமது சமூகத்துப் பிள்ளை பர்வீஸ் மஹ்ரூப் 2006 சம்பியன்ஸ் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். 2011இல் அவரும் லங்காஷயருக்கு ஆடினார். அவர் படித்தது கொழும்பு வெஸ்லி. லஹிரு குமார படித்தது கண்டி டிரினிட்டி. இந்தப் பாடசாலைகளில் கடினப்பந்து இருந்தது, ஆடுகளம் இருந்தது, பார்த்துச் சொல்ல ஒரு பயிற்சியாளர் இருந்தார்.

வெலிமடையில் நமது பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? மென்பந்து இருக்கிறது. அணிக்கு ஏழு பேர், ஐந்து ஓவர். ஒரு பையன் வீசுவது ஒரே ஓவர், அதுவும் நாலு சிக்ஸர் போனால் கப்டன் அடுத்த முறை பந்து கொடுக்க மாட்டான். மென்பந்துக்குத் தையல் கிடையாது. தையலை எப்படிப் பிடிப்பது, பழைய பந்தை எப்படித் திருப்புவது, பத்து ஓவர் வீசிக் களைத்த பிறகும் அதே இடத்தில் எப்படிப் போடுவது, எதையும் அது கற்றுத்தராது. மூன்று நாள் சுற்றுப்போட்டி முடிய, கையில் இருப்பது ஆளுயரக் கிண்ணமும் பெயர் அடித்த ஜேர்சியும்தான்.

மென்பந்து ஆடக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பெருநாளைக்கு ஆடட்டும், சந்தோஷமாக இருக்கட்டும். அதையே விளையாட்டு வளர்ச்சி என்று மேடையில் பேசாதீர்கள் என்கிறோம்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2012 இலங்கை பிரீமியர் லீக்கில் கிண்ணம் வென்ற அணியின் பெயர் ஊவா நெக்ஸ்ட். கேட்கவே பெருமை. ஆனால் அந்தத் தொடரின் போட்டிகள் நடந்தது கொழும்பிலும் பல்லேகலையிலும். ஊவா மண்ணில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. நமக்குக் கிடைத்தது பெயர் மட்டும்.

"நமது ஊர் மேடும் பள்ளமும், குளிர், மழை, இங்கே கடினப்பந்து சரிவராது" என்பார்கள். பக்கத்தில் குருத்தலாவை சென் தோமஸ் கல்லூரி 1942இலிருந்து இருக்கிறது. அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்களே, அவர்களுக்கு வேறு வானமா?

"படிப்பு கெட்டுவிடும்" என்பார்கள் உம்மாமார். அவர்களின் பயம் நியாயமானது. ஆனால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பையன் எங்கே இருக்கிறான் என்று ஒருமுறை பாருங்கள். ஃபோனோடு சந்தியில் நிற்பதை விட, பெரியவர் ஒருவரின் கண் முன்னே வலைக்குள் பந்து வீசுவது மேல்.

"செலவு" என்பார்கள். கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு வருடத்தில் இந்தப் பகுதியில் எத்தனை சுற்றுப்போட்டி? ஜேர்சிக்கு எவ்வளவு, கிண்ணத்துக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு? 22 யார் கொங்கிரீட் தளமும் அதன் மேல் ஒரு பாயும் சுற்றி வலையும் ஒருமுறை போட்டால் பல வருடம் நிற்கும். கிண்ணம் அலுமாரியில் தூசி பிடிக்கும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்.

1. இந்த வருடம் ஒவ்வொரு கழகமும் ஒரு சுற்றுப்போட்டியை நிறுத்தி, அந்தக் காசைப் பொதுவான ஒரு பயிற்சித் தளத்துக்குத் தரட்டும்.

2. அது எந்த ஒரு பாடசாலைக்கும் சொந்தமாக வேண்டாம். முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை, தோட்டப் பாடசாலை மூன்றின் பிள்ளைகளும் முறை வைத்து வரட்டும். 2019க்குப் பிறகு நமக்கும் அயலவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே பந்தை மாறி மாறி வீசுகிற பிள்ளைகளுக்கு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

3. லயத்திலிருந்து வருகிற பிள்ளை பஸ் காசு இல்லாமல் நின்றுவிடக் கூடாது. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

4. வாரத்தில் இரண்டு நாளாவது, பந்துவீச்சு தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கொண்டுவாருங்கள். முரளிக்குச் சொன்னதுபோல் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் பின்னேரங்களில் நிற்கத் தயார். அதிபர்களிடமும் பிரதேச சபையிலும் கதைக்கத் தயார். காசு கொடுப்பவர்கள், அடுத்த முறை ஜேர்சிக்கு உதவி கேட்டு வருகிற தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, வலை எப்போது போடுறீங்க?"

பதில் இல்லை என்றால் காசும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடத்துக்குள் தளம் வந்துவிடும்.

வஸ்ஸலாம்.