வாழ்த்துக்கு ஒரு பிற்பகல் வேண்டும்

2025 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று காலை ஒன்பது மணிக்குள் எனது கைத்தொலைபேசியில் எழுபதுக்கும் மேற்பட்ட வாழ்த்துகள் வந்து குவிந்திருந்தன. பானை, கரும்பு, உதிக்கும் சூரியன் என்று எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே காட்சி. ஒரே படம் ஆறு பேரிடமிருந்து வந்திருந்தது. அந்தப் படத்தையே நானும் வேறு முப்பது பேருக்கு அனுப்பி வைத்தேன். எவருக்கு அனுப்பினேன் என்பது மாலையில் எனக்கே நினைவில் இருக்கவில்லை.

அன்று பிற்பகல் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது ஓர் அட்டை கையில் அகப்பட்டது. 1993 இல் யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கை அனுப்பியது. நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடையின் காலம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் காகிதமும் அருமையான பொருட்கள். தங்கை பழைய கொப்பி மட்டையொன்றை வெட்டி மடித்திருந்தாள். வெண்டிக்காயைக் குறுக்காக நறுக்கி, மஞ்சட் கரைசலில் தோய்த்து, ஐந்திதழ்ப் பூக்களைப் பதித்திருந்தாள். நடுவில் செவ்வரத்தம்பூவைத் தேய்த்து ஊதா நிறத்தில் ஒரு பானை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு இரவுகள் இருந்து செய்ததாக உள்ளே எழுதியிருந்தாள். பொங்கல் முடிந்து இரண்டு மாதங்களின் பின்னரே அது என் மேசைக்கு வந்தது.

அதற்குப் பதிலாக நான் அனுப்பியது புறக்கோட்டையில் வாங்கிய ஓர் அச்சட்டை. அதில் என் கையொப்பத்தைத் தவிர வேறொரு சொல்லும் இல்லை. பத்திரிகைப் பக்கங்களை நிரப்புவதற்கு நாள்தோறும் ஆயிரம் சொற்கள் எழுதிய எனக்கு, அவளுக்கு எழுத ஒரு வரிக்கு நேரம் கிடைக்கவில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்பது புதிய சாட்டு அன்று. அச்சிட்ட வாழ்த்து அட்டையின் பிறப்பே அந்தச் சாட்டில்தான் இருக்கிறது. பிரித்தானியாவில் 1840 இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அந்தச் சீர்திருத்தத்திற்காக உழைத்தவர்களுள் ஹென்றி கோல் ஒருவர். கடிதம் மலிவானதும் நத்தார் காலத்தில் அவருக்கு வந்து குவிந்த வாழ்த்துகளுக்குத் தனித்தனியே பதில் எழுத அவரால் முடியவில்லை. 1843 இல் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஆயிரம் பிரதிகளைக் கல்லச்சில் எடுப்பித்தார். அனுப்புபவர் பெயரையும் பெறுபவர் பெயரையும் நிரப்பினால் போதும். மீதிப் பிரதிகள் ஒரு ஷில்லிங் வீதம் விற்கப்பட்டன. வணிக ரீதியாக வெளிவந்த முதலாவது நத்தார் அட்டை அதுவே. இன்று நாம் விரலால் தள்ளிவிடும் படம் அந்த அட்டையின் கொள்ளுப்பேரன் என்று சொல்லலாம். ஆனால், அச்சிட்ட அந்த அட்டைக்கும் வர்ணம் கையாலேயே தீட்டப்பட்டது. அவசரத்துக்காகப் பிறந்த பொருளிலும் யாரோ ஒருவரின் கை பட்டிருந்தது.

கையால் செய்யும் அட்டைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் வேண்டும். அந்தப் பிற்பகலில் செய்பவருடைய மனத்தில் பெறுபவர் இருந்தே ஆகவேண்டும். அட்டையின் பெறுமதி அதுவே என்பது என் துணிபு. அழகு அதன் பின்னர் வருவது.

இதனைப் பேச்சாக விட்டுவிடாமல், ஐம்பது வயதைக் கடந்த பின்னர் நானும் முயன்று பார்த்தேன். முதலாவது முயற்சி பெருந்தோல்வி. காரியாலய மைத்தட்டில் இறப்பர் முத்திரையை ஒற்றி ஒரு பூவைப் பதித்துவிட்டு, அதன்மேல் நீர்வர்ணம் பூசினேன். ஊதா மை கரைந்து, பூ ஒரு காயமாகியது. தவறு என்னுடையதே. நீரிற் கரையும் சாய மையின்மேல் ஈரத் தூரிகை படக்கூடாது. ஒன்றில் காய்ந்தபின் நீரிற் கரையாத மையை வாங்கவேண்டும். அல்லது வர்ணத்தை முதலில் பூசி, நன்றாகக் காயவிட்டு, பின்னர் முத்திரை பதிக்கவேண்டும்.

முத்திரைக்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. பாடசாலையில் நாம் பதித்த வெண்டிக்காயும் உருளைக்கிழங்கும் வாழைத்தண்டும் இன்றும் பதியும். நுணுக்கமான வடிவம் வேண்டுமாயின் அழிறப்பரும் சிறு கத்தியும் போதும். எழுத்தை வெட்டும்போது மட்டும் அது கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாக அமையவேண்டும். ‘பொ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு வலப்புறமும் கால் இடப்புறமுமாக இடம் மாறிவிடும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஈய எழுத்துகளை இடவலம் மாறிய நிலையிலேயே தடங்கலின்றி வாசித்த அச்சுக்கோப்பாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய கண்ணின் உழைப்பு ஓர் அழிறப்பரைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

நீர்வர்ணம் பொறுமையைக் கேட்கும். அதில் வெள்ளை நிறம் பூசப்படுவதில்லை. தாளின் வெண்மையை விட்டுவைப்பதுதான் வெள்ளை. ஆகவே, எங்கே பூசக்கூடாது என்பதை முன்னரே தீர்மானிக்க வேண்டும். மெழுகுதிரித் துண்டினால் ஒரு கோலத்தை வரைந்து, அதன்மேல் நீல வர்ணத்தை ஓடவிட்டால், மெழுகு நீரை விலக்க, மறைந்திருந்த கோலம் வெண்மையாக எழுந்து வரும். ஈரம் காயும் முன்னர், அதன் பளபளப்பு மங்கும் தருணத்தில், கல்லுப்பைத் தூவினால் ஒவ்வொரு பரலும் நீரை உறிஞ்சித் தன்னைச் சுற்றி ஒரு நட்சத்திரத்தை விட்டுச்செல்லும். முந்தினால் எல்லாம் கலங்கிவிடும். பிந்தினால் ஒன்றும் நிகழாது. தாளும் முக்கியமானது. சாதாரணத் தாள் ஈரத்தில் நெளியும். சதுர மீற்றருக்கு 300 கிராம் கொண்ட நீர்வர்ணத் தாள் ஓரளவு தாங்கும். அது விலை கூடியது என்பதனால், ஒரு தாளை எட்டாக வெட்டிச் சிறிய அட்டைகளாகச் செய்வது உத்தமம்.

இந்தக் கலையைச் சந்தை விட்டுவைக்கவில்லை. வெட்டிய பூக்கள், ஒட்டுவதற்கான மணிகள், ஆயத்த வாசகங்கள் ஆகியன அடங்கிய பொதிகள் விற்பனையாகின்றன. அவற்றை ஒட்டி முடிப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறர் தேர்ந்த பூவும் பிறர் எழுதிய வாசகமும் இருக்கும்போது, அனுப்புபவரை அந்த அட்டையில் எங்கே தேடுவது? இதனிலும் கவலை தருவது பாடசாலைப் போட்டி. வெசாக், நத்தார், பொங்கல் என்று எந்தப் பண்டிகை வந்தாலும் பிள்ளைகள் அட்டை செய்கிறார்கள். புள்ளிக்காகச் செய்யும்போது தாயும் தந்தையும் இரவிரவாக இருந்து நேர்த்தியாக்கிக் கொடுக்கிறார்கள். பின்னர் அது சுவரில் ஒட்டப்படுகிறது, எவருக்கும் அனுப்பப்படுவதில்லை. ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. புள்ளி இடுவதை விட்டுவிடுங்கள். அட்டை கோணலாக இருக்கட்டும். முகவரி எழுதவும் தபால் முத்திரை ஒட்டவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

எதிர்வாதத்தையும் நான் அறிவேன். ஒரு செய்தி இரண்டு மாதம் பிந்தி வந்த காலத்தை வாழ்ந்தவன் தொலைபேசியைப் பழிக்க மாட்டான். செலவும் உண்டு. 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் தாள் இன்மையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. தாளின் அருமை எங்களுக்குத் தெரியும். வெளியுலகைப் பார்த்தாலும், 1624 இல் அஞ்சல் சேவையைத் தொடங்கிய டென்மார்க்கில், போஸ்ட்நோர்ட் நிறுவனம் 2025 டிசம்பர் 30 ஆம் திகதியுடன் கடித விநியோகத்தைக் கைவிட்டது. போகிற போக்கில் தபாற்பெட்டி எத்தனை காலம் தெருவில் நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

அதனாற்றான், நிற்கும்போதே பயன்படுத்துங்கள் என்கிறேன். எழுபது பேருக்கு அட்டை செய்ய எவராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆண்டுக்கு ஒருவருக்குச் செய்யலாம். அந்த ஒருவர் யார் என்று யோசிப்பதிலேயே பாதி வாழ்த்து முடிந்துவிடும்.

எனக்கு அந்த யோசனை தேவைப்படவில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், கனடாவில் வாழும் தங்கைக்கு என் அட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இம்முறை உள்ளே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதுவும் பொங்கல் முடிந்த பின்னர்தான் போய்ச் சேர்ந்தது. அன்றிரவே அவள் தொலைபேசியில் அழைத்தாள். உள்ளே எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“அண்ணா, வெண்டிக்காயை நல்லா ஒற்றேல்லை நீங்கள். அஞ்சு இதழ் விழவேணும், நாலுதான் விழுந்திருக்கு” என்றாள்.

முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் பதில் எழுதியவனுக்கு ஓர் இதழ் குறைந்ததில் வியப்பில்லை. அடுத்த பொங்கலுக்கு ஐந்தையும் விழச்செய்ய வேண்டும்.