ரஜூலாவையும் பேசுங்கள்



பெரிய பயணிக் கப்பல்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் டைட்டானிக்கில் ஆரம்பித்து குயின் மேரியில் முடித்துவிடுகிறார்கள். நம் ரஜூலா என்ன பாவம் செய்தது? 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல். போர்க்காலம் நீங்கலாக, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம், 1966 முதல் பிரெஞ்சுக்காரர்கள் 'பாஸ்டர்' என்ற பெயரில் ஓட்டிய கப்பல்; 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அதன் பயணிகள் சேவையும் நின்றது.

எங்கள் புத்தூர் என்றாலே எலும்பு முறிவுக் கட்டுதான் பலருக்கு ஞாபகம் வரும். ரஜூலாவைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்றதும், இங்கே கப்பல் பேச்சை யார் கேட்பார்கள் என்றார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, தளத்து டிக்கெட்டில் போனது, தகர டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பாய் விரித்துப் படுத்தது, மூன்றாம் நாள் வரை சோறு இறங்காமல் ஊறுகாயை நக்கிக்கொண்டு கிடந்தது எல்லாவற்றையும் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். என் படக்காட்சியை அதன்பிறகு யார் பார்த்தார்கள்!

பேச்சாளர்களே, முதல் வகுப்பு விருந்துக்கூடத்தின் சரவிளக்குகளைக் கொஞ்சம் குறையுங்கள். தளத்தில் பயணம் செய்தவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை மேடைக்கு அழைத்து, பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

– ஒரு வாசகர், புத்தூர், திருப்பதி மாவட்டம்