கடனும் கணினிக் கல்வியும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த சில கிழமைகளுள், புத்தளம் மாவட்டத்துக் கரையோர ஊர்களில் ஓர் ஆலோசனை தொடங்கிவிடுகிறது. கற்பிட்டியிலும் முந்தலிலும் உடப்பிலும், அரச பல்கலைக்கழக அனுமதியைத் தவறவிட்ட பிள்ளையைக் கணினி விஞ்ஞானப் பட்டத்துக்காகத் தனியார் நிறுவனத்திற் சேர்ப்பதா என்பதே அது. தாயின் நகை ஈட்டுக்குப் போகிறது. தந்தையின் வள்ளமோ தோட்டமோ பிணையாகிறது. கல்லாமையினும் கடன் மேலென்று பெற்றோர் துணிகின்றனர். அத்துணிவு போற்றற்குரியது. ஆயினும் துணிவுக்கு முன் எண்ணம் வேண்டுமென்பது நம் அறநூலார் கொள்கை. அவ்வெண்ணம் போதியவாறு நிகழ்கின்றதா என்பதே என் ஐயம்.

1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி பெற்ற நாடு இது. பல்கலைக்கழக இடங்களோ அளவுபட்டவை. அவற்றுள் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டன. அப்பதினாறனுள் புத்தளமும் ஒன்று. இச்சலுகைக்குப் பின்னும், தகுதி பெற்ற பலர் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்குக் கடனே திறவுகோலாய்த் தோன்றுகிறது.

கடன்பட்டு முதலிடுதல் இக்கரைக்குப் புதிதன்று. இறால் வளர்ப்பு இங்கே பெருகிய காலத்தில், முன்னே தொடங்கியவர் ஈட்டிய ஊதியத்தைக் கண்டு பின்வந்தோர் கடன் வாங்கிக் குளம் வெட்டினர். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது, இறால் மடிந்தது, கடன் மடியவில்லை. பாழ்பட்ட குளங்கள் இன்றும் களப்போரத்தில் நமக்குப் பாடம் சொல்கின்றன. பிறன் நேற்றுப் பெற்ற ஊதியத்தால், தான் நாளை இறுக்க வேண்டிய கடனை அளத்தல் ஆகாது என்பதே அப்பாடம்.

கணினிக் கல்விக்கும் இது பொருந்தும். பத்தாண்டுக்கு முன் தொழிலிற் புகுந்தவரின் இன்றைய சம்பளத்தைக் காட்டி, இன்று சேரும் மாணவனுக்கு ஆசையூட்டுகின்றனர். அவன் வெளிவருவது மூன்று நான்கு ஆண்டுகளின் பின்னராகும். புதியவர்க்கு முன்னர் அளிக்கப்பட்ட எளிய செய்நிரல் வேலைகளுள் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போதே செய்யத் தொடங்கிவிட்டன. தேர்ந்தவனுக்கு இடமுண்டு, அரைகுறையாய்க் கற்றவனுக்கு இடம் சுருங்கும். ஆதலின் எண்ணவேண்டியது தொடக்கச் சம்பளமேயன்றி உச்சச் சம்பளமன்று.

சிறு கணக்கொன்று காட்டுகிறேன். 8 இலட்சம் ரூபாவை வட்டியின்றி 8 ஆண்டுகளில் இறுப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபா. அதே தொகைக்கு, குறைந்துசெல்லும் நிலுவையின்மேல் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியாயின், தவணை ஏறத்தாழ 13,000 ரூபாவாகும். இறுப்பது மொத்தம் பன்னிரண்டரை இலட்சத்தை எட்டும். கொழும்பில் அறை வாடகை, உணவு, பயணம், வீட்டுக்கு அனுப்பும் சிறுதொகை ஆகியவற்றைத் தொடக்கச் சம்பளத்திற் கழித்தால், எஞ்சுவது அத்தவணையைத் தாங்குமா? தாங்குமாயின் துணிக, தாங்காதாயின் வேறு வழி தேடுக.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கடனிற் கொண்ட வள்ளத்தையும் இயந்திரத்தையும் தொழில் நலிந்தால் விற்றுக் கடனில் ஒரு பங்கையேனும் தீர்க்கலாம். பாதிப் பட்டத்தை வாங்குவார் எவருமிலர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்த முஸ்லிம் மக்கள் வீட்டையும் நிலத்தையும் இழந்தனர். கற்ற கல்வியை எவராலும் பறிக்க முடியவில்லை. அப்பெருமை நிறைவுற்ற கல்விக்கே உரியது. தமிழ் மொழிமூலம் கற்ற நம் மாணவர் பலர், ஆங்கில விரிவுரையைப் பின்தொடர இயலாது முதலாண்டிலேயே தளர்கின்றனர். அவர்கள் சில மாதங்கள் ஆங்கிலத்தை உரப்படுத்திக்கொண்ட பின்னரே கடன்படுவது நன்று.

வழிகள் இல்லாமலில்லை. அரச பல்கலைக்கழக இடம் பெறாதோர்க்கென 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் வட்டியை அரசு ஏற்கிறது. நகையை ஈடுவைக்குமுன் அதற்கு விண்ணப்பித்தல் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டமோ படிப்படியாய் அமைந்தது: முதலாண்டின் முடிவில் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டின் முடிவில் உயர் டிப்ளோமா, மூன்றாவதிற் பட்டம். இடையில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் எஞ்சும். ஓராண்டைக் கடந்தபின் அடுத்த ஆண்டுக்குப் பணம் தேடும் வசதியும் உண்டு.

ஆசிரிய நண்பர்களே, யாப்பும் அணியும் கற்பிக்கும் நமக்கு இக்கணக்கு எதற்கென்று ஒதுங்கற்க. தமிழிற் கடன் என்னும் சொல் இறுக்க வேண்டிய பொருளையும் ஆற்ற வேண்டிய கடமையையும் ஒருங்கே உணர்த்தும். மாணவனை முதலாவதில் அமிழவிடாமற் காப்பது நமக்கு இரண்டாவதாகும். உயர்தர வகுப்பை விட்டு நீங்குமுன், ஒவ்வொரு மாணவனும் தன் பெற்றோரோடும் நம்மோடும் அமர்ந்து, ஒரு தாளில் வரவையும் செலவையும் தவணையையும் எழுதிப் பார்க்கட்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.