கழனிக்குக் கழிவுநீரா?

ஊரார் உண்ணும் நீர்நிலைக்கு ஊருணி என்று பெயர். உழவுக்கு நீர் தருவதை ஏரி என்றும் குளம் என்றும் கண்மாய் என்றும் வழங்கினர். ஊரின் அழுக்கு நீர் சாய்ந்தோடும் வழி சாய்கடை. பயன்நோக்கி நீரைப் பிரித்துப் பெயரிட்டவர் தமிழர். பெயரைப் பிரித்தவர்கள் நீரையும் பிரித்தே வைத்தனர். இன்றோ சொற்கள் மட்டுமே பிரிந்து நிற்கின்றன. நீர் ஒன்றாய்க் கலந்துவிட்டது. சாய்கடை குளத்திற் சேர்கின்றது. குளத்து நீர் கழனியிற் பாய்கின்றது. கழனியின் விளைவு அடுக்களைக்கு வருகின்றது.

தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூர், குற்றால மலையினின்று இறங்கும் சிற்றாற்று நீரை நம்பிய குளத்து ஊர். அதனை அடுத்த பாவூர்சத்திரத்துச் சந்தையில் சுற்றுப்புறத்துத் தக்காளியும் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் மூட்டை மூட்டையாய்க் குவிகின்றன. மலை கடந்து கேரளத்துக்கும் செல்கின்றன. ஆதலின் இவ்வட்டாரத்துக் குளங்களின் நீர் எத்தகையது என்பது இவ்வூரார்க்கு மட்டும் உரிய வினா அன்று. அக்காயை உண்ணும் பல்லாயிரம் இல்லங்களுக்கும் உரிய வினா. தூய்மை செய்யும் ஏற்பாடு இல்லாத எவ்வூரிலும் கழிவுநீர் தாழ்வு நோக்கியே ஓடும். தாழ்வில் இருப்பதோ குளமும் வாய்க்காலும். சிற்றாறு சீவலப்பேரிக்கருகே பொருநையிற் கலக்கின்றது. அப்பொருநையின் நிலை என்ன? 2024-ஆம் ஆண்டில் உயர்முறைமன்ற மதுரைக் கிளையின் நடுவர்களே நெல்லைக்கு வந்து, ஆற்றிற் கழிவுநீர் கலக்கும் இடங்களை நேரிற் பார்க்க வேண்டியதாயிற்று.

“கழிவுநீரில் பயிர்க்கு வேண்டிய ஊட்டம் உள்ளதே; பசுமையாய் விளைகின்றதே!” என்பார் உளர். உண்மைதான். தழையூட்டமும் மணியூட்டமும் அதில் உண்டு. மழை பொய்த்தாலும் அது வற்றுவதில்லை. ஆனால் அந்நீரில் ஊட்டம் மட்டுமா வருகின்றது? கக்கல்கழிச்சலையும் குடற்காய்ச்சலையும் மஞ்சட் காமாலையையும் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வருகின்றன. குடற்புழுக்களின் முட்டைகள் வருகின்றன. நாக்குப்பூச்சியின் முட்டை ஈரமண்ணில் பல திங்கள் சாகாது கிடக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ, சேற்றில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்தே உட்புகும். நாற்று நடும் பெண்ணும், களை பறிக்கும் தாயும், வரப்பில் விளையாடும் பிள்ளையுமே முதலில் அடிபடுவர். குருதி குன்றிச் சோர்ந்த பிள்ளையைச் சோம்பேறி என்று பள்ளி பழிக்கின்றது. அதன் குடலில் வாழும் புழுவை எவரும் பார்ப்பதில்லை.

இது வெற்று அச்சம் அன்று. 1970-இல் எருசலேம் நகரில் கக்கல்கழிச்சல் பரவியபோது, கழிவுநீரில் விளைந்து பச்சையாய் உண்ணப்பட்ட காய்கீரைகளே அதனைப் பரப்பின என்று கண்டறிந்தனர். தென்னமெரிக்கச் சிலி நாட்டின் தலைநகரான சந்தியாகோவில், 1991-இல் அத்தகைய காய்கறி விளைப்பைத் தடுத்தனர். நெடுங்காலம் அடங்காதிருந்த குடற்காய்ச்சல் விரைந்து தணிந்தது.

ஆலைக்கழிவு கலந்தால் கேடு இன்னும் கொடிது. நுண்ணுயிரி கொதிநீரிற் சாகும். காடுமியமும் ஈயமும் எந்த உலையிலும் சாகா. சப்பானில் சிஞ்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் நெல்லில், சுரங்கக் கழிவிலிருந்த காடுமியம் ஏறிற்று. அச்சோற்றை உண்டோர் எலும்பு நொறுங்கித் துடித்தனர். அந்நோயின் கரணியத்தை அந்நாட்டரசு 1968-இல்தான் ஒப்புக்கொண்டது. அவ்வளவு தொலைவு போவானேன்? உழவுக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அந்நீரைத் திறக்கவேண்டா என்று உழவரே கூறும் நிலை வந்தது.

அங்ஙனமாயின் கழிவுநீரை முற்றும் விலக்குவதா? வேண்டியதில்லை, அறிவோடு ஆளவேண்டும். கிழக்குக் கல்கத்தாவின் 12,500 எக்டேர் சதுப்புநிலத்தில், நகரக் கழிவுநீரை ஆழமில்லாக் குட்டைகளில் தேக்கி, கதிரவன் ஒளியாலும் பாசியாலும் தெளியவைத்து மீன் வளர்க்கின்றனர். அந்நிலம் 2002-இல் உலகச் சதுப்புநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கும் ஆலைக்கழிவு கலந்தால் இடர்தான். சாய்கடை நேரே விழும் குட்டையில் மீன் வளர்ப்பதும், தேக்கித் தெளிந்த நீரில் வளர்ப்பதும் ஒன்றல்ல.

உலக நலவாழ்வு அமைப்பு 1989-இல் ஓர் அளவு வகுத்தது: பச்சையாய் உண்ணும் பயிர்க்குப் பாய்ச்சும் நீரில், ஓர் இலிட்டருக்கு ஒரு புழுமுட்டைக்குமேல் இருத்தலாகாது. தொடர் குட்டைகளில் எட்டு முதல் பத்து நாள் நீரைத் தேக்கினாலே முட்டைகள் பெரிதும் அடியிற் படிந்துவிடும். இதற்குப் பெரும்பொறிகள் வேண்டா; நிலமும் வெயிலும் மனமும் போதும். வெயிலுக்குத் தென்னாட்டிற் பஞ்சமா?

ஆகவே, செய்யவேண்டியன தெளிவானவை. பேரூராட்சிகள் சாய்கடை குளத்தைத் தொடுமுன் தேக்கக் குட்டைகளில் தெளியவைத்தல் வேண்டும். குளத்து நீரை ஆய்ந்து, முடிவைத் தமிழில் ஊர் நடுவே எழுதிவைத்தல் வேண்டும். ஆலைக்கழிவை எந்நிலையிலும் வாய்க்காலில் விடலாகாது. 1974-ஆம் ஆண்டின் நீர்க்கேடு தடுப்புச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாய்க் கிடத்தலாகாது. அதுவரை, ஐயத்துக்குரிய நீரைக் கீரைக்கும் வெள்ளரிக்கும் கொத்தமல்லிக்கும் பாய்ச்சாதிருத்தல் நன்று. கழனியில் இறங்குவோர் காலணி அணிக; வேலை முடித்து வழலையிட்டுக் கைகால் கழுவுக. பிள்ளைகட்குக் குடற்புழு மருந்து உரிய காலத்திற் கொடுக்கப்படுக. மீனை நன்கு வேகவைத்தே உண்க.

இதில் உழவரைப் பழிப்பது நயன்மையன்று. வேறு நீரின்றித் தவிப்பவர் வாய்க்காலில் வருவதையே பாய்ச்சுவர். பழி, கழிவை வாய்க்காலில் விட்டவரையே சாரும்.

காவிரிக்கும் முல்லைப் பெரியாற்றுக்கும் தமிழினம் உரிமை கேட்கின்றது, கேட்டே தீரும். ஆனால், வந்த நீரைச் சாய்கடையாக்கும் ஊருக்கு, வராத நீரைக் கேட்கும் குரல் உரத்து எழுமா? நீருரிமை என்பது நீரைப் பெறும் உரிமை மட்டும் அன்று. பெற்ற நீரைப் பேணும் கடமையும் ஆகும். சொல்லிற் பிறசொல் கலத்தலைப் பொறாத தமிழர், தம் குளத்தில் மலம் கலத்தலைப் பொறுப்பரோ? மொழித் தூய்மை கேட்கும் இளைஞர், இத்திங்களிலேயே தத்தம் ஊர்க் குளக்கரைக்குச் சென்று, சாய்கடை விழும் வாயை அடையாளம் கண்டு, ஊராட்சியிடம் எழுத்தில் முறையிடுக!