டெக் ரிமோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதை டிவியோடு இணைத்துப் படம் பார்க்கத் தொடங்கியதும் ஒரு தொல்லை வரும். நடுவில் படத்தை நிறுத்த எழுந்து போய் மவுஸைத் தேட வேண்டும். கடையில் கேட்டால் ஒயர்லெஸ் கீபோர்டு வாங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரணில் கிடக்கும் பழைய வீடியோ டெக்கின் ரிமோட்டை எடுங்கள். புதுக் கருவிக்கு வீட்டாரைப் பழக்குவதைவிட, வீட்டார் கை பழகிய ரிமோட்டுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்குவது சுலபம்.

டிவி ரிமோட்டே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ரிமோட் எப்படிப் பேசுகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். அதன் முனையில் இருக்கும் எல்இடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விநாடிக்கு 36,000 முதல் 40,000 தடவை வரை மினுக்குகிறது. இந்த மினுக்கலை விட்டு விட்டு அனுப்பும் விதத்தில்தான் செய்தி இருக்கிறது. பிலிப்ஸ் கொண்டுவந்த ஆர்சி-5 முறையில் ஒரு செய்திக்கு 14 பிட். அதில் 5 பிட் எந்தக் கருவிக்கு என்றும், 6 பிட் எந்தப் பொத்தான் என்றும் சொல்லும். டிவிக்கு எண் 0, டெக்குக்கு 5. ப்ளே என்றால் 53, ஸ்டாப் என்றால் 54. சோனி, என்இசி முறைகள் வேறு மாதிரி இருந்தாலும் அடிப்படை இதுதான்.

ஆகவே டிவி ரிமோட்டைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுத்தால், ஒரே பொத்தானுக்கு இரண்டும் சேர்ந்து ஆடும். சத்தத்தைக் கூட்டினால் இரண்டிலும் கூடும். டெக் ரிமோட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அது கூப்பிடும் டெக் வீட்டில் இப்போது இல்லை. டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் கூட 2016-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆக, அந்த எண்ணுக்குக் காது கொடுக்க உங்கள் கம்ப்யூட்டர் மட்டுமே! போதாததற்கு ப்ளே, பாஸ், ரீவைண்ட், ஃபார்வர்டு என்று படம் பார்க்கத் தேவையானதெல்லாம் அதில் பெரிய பொத்தான்களாக இருக்கின்றன.

சரி, கம்ப்யூட்டருக்குக் காது வேண்டுமே? முன்பெல்லாம் டிஎஸ்ஓபி 1738 என்ற மூன்று கால் ரிசீவரைச் சீரியல் போர்ட்டில் சால்டர் செய்வார்கள். இன்றைய லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே கிடையாது. அதனால் யுஎஸ்பி ரிசீவர் வாங்குங்கள். சில ரிசீவர்கள் ரிமோட்டைத் தாமே கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டரிடம் தங்களைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அதுவே நல்லது. ராஸ்பெரி பை வைத்திருந்தால் டிஎஸ்ஓபி 38238 போதும். அது 3.3 வோல்ட்டிலேயே வேலை செய்யும். 1738-க்கு 5 வோல்ட் தேவை. அதை அப்படியே பையில் செருகினால் போர்டு கெட்டுப்போகலாம், ஜாக்கிரதை.

லினக்ஸில் இந்த வசதி 2010 முதல் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஐஆர்-கீடேபிள் என்ற சிறிய புரோகிராமை டெஸ்ட் முறையில் ஓட்டி, பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஓர் எண் வரும். உங்கள் ரிமோட் எந்த முறை என்று தெரியாவிட்டால் எல்லா முறைகளையும் இயக்கிவிட்டு அழுத்துங்கள். பிறகு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இந்த எண்ணுக்கு இந்தக் கீ என்று வரிசையாக எழுத வேண்டும். அவ்வளவுதான்.

எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். பாஸ் பொத்தானுக்கு ஸ்பேஸ் பார் கொடுங்கள், விஎல்சி பிளேயர் உடனே புரிந்துகொள்ளும். ஓகே பொத்தானுக்கு ஓகே என்றே பெயர் கொடுத்தால் சில டெஸ்க்டாப்களில் எதுவும் நடக்காது. என்டர் என்று கொடுங்கள். பெரியவர்கள் பொத்தானை விடாமல் அழுத்துவார்கள். படம் நின்று, ஓடி, மறுபடி நிற்கும். கீபோர்டு செட்டிங்கில் ரிப்பீட் தொடங்கும் நேரத்தைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும். பவர் பொத்தானுக்கு எதையும் கொடுக்காதீர்கள். தெரியாமல் கை பட்டுப் படத்தின் நடுவில் கம்ப்யூட்டரே அணைந்துவிடலாம்!

இவ்வளவு எதற்கு, ரெடிமேடாகக் கிடைக்காதா என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. மைக்ரோசாஃப்ட் 2002-ல் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷனைத் தனி ரிமோட்டோடு கொண்டுவந்தது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் மீடியா சென்டர் தொடர்ந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். அதை நம்பி வீட்டையே பழக்கியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. நீங்களே எழுதிய ஃபைலுக்கு அந்தக் கதி வராது. ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு வைத்தால் அடுத்த கம்ப்யூட்டருக்கும் அது உதவும்.

செல்போனையே ரிமோட் ஆக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆக்கலாம்தான். ஆனால் போன்காரர் வெளியே கிளம்பினால் ரிமோட்டும் கூடவே போய்விடும். வீட்டில் இருக்கும் பாட்டி, அவர் திரும்பி வரும்வரை படம் பார்க்க முடியாது. என் பாட்டிக்கு மவுஸ் என்றாலே பயம். ஆனால் முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்தினால் படம் ஓடும் என்பது அவருக்கு முப்பது வருஷமாகத் தெரியும். இப்போது யாரையும் கூப்பிடாமல் அவரே படத்தை ஓட்டுகிறார், நிறுத்துகிறார், பாட்டு வந்தால் ஓட்டியும் விடுகிறார்.

ரிசீவர் வாங்கக் கிளம்பும் முன் ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் பொடி பூத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுக்கும்.